ஒன்றரைப் பக்கக் கடிதம்

நான் படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம். முதல் இன்டர்வியூவில், பாக்கி வைத்த வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மேலாளர் படித்துப் பார்த்து, "எவ்வளவு பாக்கி, எப்போ கட்டணும், ரெண்டுமே இதில் இல்லையேம்மா" என்றார். வேலை கிடைக்கவில்லை.

அப்புறம்தான் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இளநிலை பாஸ். (அரசுத் தட்டச்சர் வேலைக்கு அது போதாது, ஒன்றிலாவது முதுநிலை வேண்டும்.) குரூப் 4 எழுதும் பிள்ளைகளே, தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வராவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலம் படித்த நாம் அசட்டையாக விடுவது அதைத்தான்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பது நான்தான். சனிக்கிழமை மாலை அசோசியேஷன் அறையில் இருப்பேன். பயோடேட்டாவோடு வாருங்கள். கூடவே ஒரு பாக்கிக் கடிதமும் எழுதி எடுத்து வாருங்கள்.