பொறியியலின் முதலாம் வருடமும் இளம் போதனாசிரியரும்



பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் மாணவருக்குக் கற்பிப்பவர் யார் என்று கேட்டால், பேராசிரியரும் விரிவுரையாளருமே என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் முதலாம் வருட மாணவரின் ஆய்வுகூட அறிக்கையைத் திருத்துபவரும், பயிற்சி வகுப்பில் அவருடைய கொப்பியைக் குனிந்து பார்ப்பவரும், கணினிக்கூடத்தில் அவர் எழுதிய நிரல் ஏன் ஓடவில்லை என்று பக்கத்தில் நின்று விசாரிப்பவரும் அண்மையில் பட்டம் பெற்று வெளியேறிய இளைஞராகவோ யுவதியாகவோ இருப்பதே வழக்கம். இலங்கையில் இவரைப் போதனாசிரியர் என்பர். அமெரிக்கா போன்ற நாடுகளில் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இப்பணியைச் செய்பவர் கற்பித்தல் உதவியாளர் எனப்படுவார். ஒரு பொறியியலாளரின் அடிப்படைப் பழக்கங்கள் உருவாகும் காலத்தில் அவருக்கு மிக அருகில் நிற்கும் ஆசிரியர் இவரே என்பதால், இவருடைய பணி இதுவரை பெற்றதைவிடக் கூடிய கவனத்துக்கு உரியது.

கொழும்பில் பொறியியற் கல்வி, 1893 இல் மருதானையில் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலையை வேராகக் கொண்டது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950 இல் கொழும்பிலேயே தொடங்கி, 1964 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. தலைநகருக்குத் தெற்கே கட்டுபெத்தையில் 1960 இல் உருவான தொழில்நுட்ப நிறுவகம், 1966 இல் கல்லூரியாகி, 1972 இல் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்ற தனி நிறுவனமாயிற்று. வெள்ளவத்தையில் காலி வீதியில் 100 அல்லது 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும் மாணவர் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானையைக் கடந்து கட்டுபெத்தைச் சந்தியில் இறங்கிவிடலாம். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குப் பயணம் இன்னும் நீளம்.

மொறட்டுவையில் முதலாம் வருடத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பாடங்களையே படிக்கின்றனர்: கணிதம், பொறிமுறை, பாய்மப் பொறிமுறை, பதார்த்தங்களின் இயல்புகள், மின்னியல், கணினி நிரலாக்கம் என்பன அவற்றுள் முக்கியமானவை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுவதால், கொழும்பின் பெரிய பாடசாலையிலிருந்து வந்தவரும், ஆய்வுகூடத்தில் ஒழுங்காகக் கருவி தொட்டிராத பாடசாலையிலிருந்து வந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கின்றனர். இவர்களுட் பலர் உயர்தரத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு, முதன்முறையாக ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பவர்கள். பெரிய மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் பேசும் விரிவுரையாளர், எந்த மாணவருக்கு எங்கே விளங்காமற் போயிற்று என்று ஒவ்வொருவராகப் பார்ப்பது இயலாத காரியம். அதைப் பார்க்கும் பொறுப்பு போதனாசிரியரிடமே வந்து சேர்கிறது.

இழுவைச் சோதனையை உதாரணமாகக் கொள்ளலாம். மென்னுருக்குக் கோல் ஒன்றைப் பொறியின் இரு பிடிகளுக்கு இடையே பொருத்தி, அது அறும்வரை மெல்ல மெல்ல இழுப்பதே இச்சோதனை. குறுக்குவெட்டின் அலகுப் பரப்பில் தாங்கப்படும் விசை தகைப்பு. ஆரம்ப நீளத்தோடு ஒப்பிடுகையில் ஏற்படும் நீட்சி விகாரம். தொடக்கத்தில் இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறும். பின்னர் ஒரு கட்டத்தில் சுமை காட்டும் முள் தயங்கிச் சற்றே பின்வாங்கும். அந்த இடத்திலிருந்து கோல் பழைய நீளத்துக்குத் திரும்பாது. மேலும் இழுத்தால் நடுவே கழுத்துப்போல ஒடுங்கி, ஒரு துண்டு கிண்ண வடிவிலும் மற்றத் துண்டு கூம்பு வடிவிலுமாக அறும். பொறியில் நடப்பது இவ்வளவுதான். முள் பின்வாங்கப்போகும் கணத்தை முன்கூட்டியே சொல்லிவிடும் போதனாசிரியரின் குழு, சொல்லப்பட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விடும். சொல்லாமற் பொறுத்திருந்து, முள் ஏன் திரும்பியது, கோலுக்குள் என்ன நடந்திருக்கும் என்று கேட்பவரின் குழுவோ, உருக்கு உடைவதற்கு முன் எச்சரிக்கை தரும் உலோகம் என்பதையும், கட்டடங்களில் அதை நம்பலாம் என்பதற்கு அதுவே ஒரு காரணம் என்பதையும் தானே கண்டுகொள்ளும்.

கணினிக்கூடத்திலும் இதுவே நிலை. மாணவரின் நிரலில் ஒரு வரி தவறான இடத்திலிருந்து தொடங்கியிருப்பதைப் போதனாசிரியர் ஒரு பார்வையிலேயே கண்டுவிடுவார். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துத் திருத்திவிட அரை நிமிடம் போதும். நல்ல போதனாசிரியர் விசைப்பலகையைத் தொடுவதில்லை. முதல் வரியிலிருந்து கணினி என்ன செய்கிறது என்று மாணவரையே வாய்விட்டுச் சொல்லவைத்து, பிழை இருக்கும் வரிக்கு அவர் தாமே வந்து சேரும்வரை காத்திருப்பார். இந்தக் காத்திருப்புத்தான் இப்பணியில் மிகக் கடினமான பகுதி.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இதில் தனிப்பட்ட தொடர்பு உண்டு. பொறியியல் பட்டம் பெற்ற தமிழ் இளைஞர் பலர், மாணவராக இருந்த காலத்திலேயே இப்பகுதிகளின் தனியார் வகுப்புகளில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கற்பித்துப் பழகியவர்கள். உயர்தரப் பரீட்சையில் நேரம் குறைவு, போட்டி கடுமை. ஆகவே கடந்தகால வினாத்தாள்களை அலசி, எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெளிவாகக் காட்டிக்கொடுப்பவரே அங்கே சிறந்த ஆசிரியர். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. பல குடும்பங்களின் வாழ்வு அதனால் உயர்ந்திருக்கிறது. எனினும் அதே வழக்கம் கட்டுபெத்தையில் பயன்படாது. பிற்பகலில் ஆய்வுகூடத்தில் வழியைச் சொல்லாமல் நிறுத்திவைக்க வேண்டியவர், மாலையில் வகுப்புக்குத் திரும்பி வழியைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது எளிதான மாற்றமன்று. இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாதவிடத்து, இளம் போதனாசிரியர் தமக்குத் தெரிந்த ஒரே முறையையே இங்கும் கையாள்வார்.

புள்ளியிடுவதும் பாரதூரமான விடயம். முதலாம் அரையாண்டின் பெறுபேற்றை வைத்தே மாணவர் சிவில், இயந்திரவியல், மின்னியல், கணினி முதலிய எந்தத் துறைக்குச் செல்வார் என்று தீர்மானிப்பது மொறட்டுவையில் நெடுங்கால நடைமுறை. ஒரே ஒப்படையைப் பல போதனாசிரியர்கள் பிரித்துத் திருத்தும்போது, முதல் வரியில் நேர்ந்த பிழை பின்வரும் வரிகளுக்கும் தொடர்ந்தால், ஒருவர் ஒருமுறை மட்டும் புள்ளியைக் குறைப்பார், இன்னொருவர் ஒவ்வொரு வரியிலும் குறைப்பார். திருத்துவோர் அனைவரும் தொடக்கத்தில் சில விடைத்தாள்களைச் சேர்ந்திருந்து திருத்தி, தமக்குள் ஒப்பிட்டுக்கொண்டாலே இந்த அநீதி பெருமளவு நீங்கிவிடும்.

மொழியும் நிதானம் கோருவது. முந்திய வருடம்வரை மாணவர்கள் அண்ணா, அக்கா என்று அழைத்த போதனாசிரியரிடம் கிளிநொச்சியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த மாணவர் தமிழில் ஐயம் கேட்பது இயல்பு. தமிழில் விளக்குவதும் நன்மையே. ஆனால் குழுவில் சிங்கள மாணவரும் இருப்பர். அவர்களுக்கும் விளங்கும்படி அதே விளக்கத்தை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ மீளச் சொல்லிவிட்டு நகர்பவரே எல்லோருக்கும் ஆசிரியராகிறார்.

பிற நாடுகளில் இப்பணி பட்டப்பின் கல்வியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவில் கேட் எனப்படும் நுழைவுத் தேர்வின் மூலம் எம்.டெக். படிப்புக்குச் சேர்ந்து உதவித்தொகை பெறுபவர், மாதம் 12,400 ரூபாய்க்கு வாரத்தில் 8 மணி நேரம் கற்பித்தற் பணியில் உதவ வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது பரவலான அளவு. பெரும்பாலும் கல்விக்கட்டணமும் தள்ளுபடியாகும். இலங்கையிலோ போதனாசிரியர் நியமனம் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்தம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பதில் வரும்வரை அதில் இருந்துவிட்டு, பதில் வந்ததும் புறப்படுவோர் பலர். பணியைப் பழகிக்கொண்டவர் போய்விட, பழகாத இன்னொருவர் அடுத்த அணிக்கு முன் நிற்கிறார். வெளிநாடு செல்வதில் தவறில்லை. கொழும்பில் பொறியியற் பீடம் இருந்த காலத்தில் 1957 இல் பட்டம் பெற்ற அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜ் சென்று, களிமண்ணின் இளகல் பற்றி ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963 இல் வெளியிட்ட ஆய்வால் மண்ணியற் பொறியியலில் நிலையான பெயர் பெற்றார். அவர் நாடு திரும்பிப் பேராதனையில் கற்பித்து, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமானார். அத்தகையோர் திரும்பிவர வழிசெய்வது ஒருபுறமிருக்க, இருக்கும் ஒரு வருடத்தையாவது முழுமையான ஆசிரியப் பணியாக ஆக்குவது துறைகளின் கையிலேயே உள்ளது.

தவணை தொடங்குவதற்கு முன் இரண்டு நாட்களை ஒதுக்கி, ஒவ்வொரு பரிசோதனையையும் போதனாசிரியர்களையே செய்யவைத்து, எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எவ்வாறு புள்ளியிட வேண்டும் என்று அவர்களோடு கலந்துபேசப் பெருஞ்செலவு ஆகாது. பொறியியற் பீடங்கள் இதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இவ்வுரையைக் கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: பட்டம் பெற்ற பிள்ளை கம்பனி வேலையைச் சற்றுத் தள்ளிவைத்துப் போதனாசிரியராகப் போவதாகச் சொன்னால், காலத்தை வீணாக்குகிறாய் என்று தடுக்காமல், முழு மனதோடு அனுப்பிவையுங்கள்.