கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியுமா?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு என்று பேசியே நம் கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. இன்றைக்கு வேறு ஒரு கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அது நம் குடும்பக் கணக்கு. யாருக்கு யார் பிறந்தார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தார்கள் என்கிற கணக்கு.

முதலில் ஒரு கேள்வி. அப்பாவைப் பெற்ற தாத்தா பேரு தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்க. எல்லாக் கையும் மேலே இருக்கு. அந்தத் தாத்தாவோட அப்பா பேரு? பாதிக் கை இறங்கிருச்சு. சரி, உங்க அம்மாவோட அம்மாவைப் பெற்றவள் பேரு? இரண்டு மூன்று கைதான் தெரியுது. வெட்கப்பட வேண்டாம். எங்கள் குழுவில் இந்த வேலையை ஆரம்பித்தபோதும் இதே நிலைமைதான்.

ஏன் இப்படி? வம்சம் என்று நம் வீடுகளில் சொல்வது ஆண்வழிதான். பங்காளி என்றால் அந்த வழி, குலசாமி என்றால் அந்த வழி. பெண் கல்யாணமாகிப் போனதும் வேறு வீட்டுச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறாள். அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் பெயர் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு. "மூத்தவளே", "இன்னார் பொஞ்சாதி", "ஆத்தூர்க்காரி" என்றே காலம் போய்விட்டது.

இது நம் ஊரில் மட்டும் நடந்தது இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னார்கள். அப்படிப்பட்ட பதிவுகளைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலில் வராமல் போனது. பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலப் பெண்கள். பெயர் இல்லை என்பதால் ஓட்டும் இல்லாமல் போயிற்று.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

இப்படித்தான் எங்களிடமும் கேட்டார்கள். எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா இறந்த பிறகு, தம்பிகள் இருவரும் தங்கள் பெயரை மட்டும் எழுதி வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்துவிட்டார்கள். "அக்காவுக்குத்தான் அப்பவே சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்பது அவர்கள் பேச்சு. இந்த அக்கா தாலுகா அலுவலகத்துக்குப் போய், நானும் ஒரு மகள் என்றார். "அதுக்கு ஆதாரம் என்னம்மா?" என்று கேட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவரிடம் இருப்பது ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் கணவர் பெயர்தான். பெற்ற அப்பாவின் பெயர் ஒரு காகிதத்தில்கூட இல்லை. பிறப்பைப் பதிவு செய்யவும் இல்லை. பிறந்த வீட்டுக்கும் அவருக்கும் உள்ள உறவு ஊரார் வாயில் மட்டும்தான் இருந்தது.

அப்போது அவருடைய சித்தி ஒரு வார்த்தை சொன்னார். "நீ ரெண்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனியேடி, ஞாபகம் இல்லையா?" அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியர் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். மாணவி பெயர், அப்பா பெயர், ஊர், சேர்ந்த தேதி எல்லாம் மையில் எழுதியிருந்தது. அதற்கு ஒரு சான்று வாங்கி மனுவோடு வைத்தோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தபோது தெருவில் இருந்த இரண்டு பெரியவர்கள் சாட்சி சொன்னார்கள். சான்றிதழில் மூன்றாவது பெயராக அக்கா பெயர் வந்தது. "நெலம் கெடக்கட்டும். நான் எங்கப்பனுக்குப் பொறந்தவன்னு ஒரு காயிதம் சொல்லிருச்சுல்ல" என்றார் அவர்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. 25.3.1989-க்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்குச் சம உரிமை என்று ஆக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பத்திரம் பதிந்து முடிந்த பாகப்பிரிவினையை இதை வைத்துத் திறக்க முடியாது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு. சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

உரிமை சட்டத்தில் இருக்கிறது. நான் இன்னார் மகள் என்று காட்டுவது நம் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கணக்கு.

முதலில் பாட்டியிடம் கேளுங்கள்

காகிதம் எங்கேயும் ஓடிவிடாது. பெரியவர்கள் அப்படி இல்லை. ஆகவே முதலில் வீட்டிலும் தெருவிலும் இருக்கும் வயதான பெண்களிடம் உட்காருங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் "அதெல்லாம் யாரு கண்டா" என்பார்கள். "அப்போ ஊரில் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். டெல்டா பக்கம் 1952 புயலைச் சொல்வார்கள். ராமநாதபுரம் பக்கம் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், நாகப்பட்டினம் பக்கம் 1977 நவம்பர் புயல். "காந்தி செத்த அன்னிக்கு எனக்குக் கைக்குழந்தை" என்றால் 1948 ஜனவரி. "பஞ்சத்துல இந்த ஊருக்கு வந்தோம்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றால், அது 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சமாக இருக்கலாம்.

தமிழ் வருஷப் பெயர் சொன்னால் விடாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். ஒரு பாட்டி சித்திரபானு வருஷம் ஐப்பசியில் பிறந்தேன் என்கிறார். சித்திரபானு 1882, 1942, 2002-ல் தொடங்கிய வருஷங்கள். எண்பதைத் தாண்டியவர் என்றால் 1942 என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடும்.

இன்னொன்று, பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் எது என்று கேளுங்கள். ஆண்களிடம் கேட்டால் பங்காளி வரிசை சொல்வார்கள். எந்த ஊரில் சம்பந்தம், யாருக்கு யார் சம்பந்தி, எந்தப் பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்பது பெண்களுக்குத்தான் தெரியும். "ஆத்தூர்க்காரி" என்று பட்டப்பெயரால் அழைத்தார்களே, அதுவே அவள் பிறந்த ஊரைச் சொல்லும். பேரன் பேத்திக்குத் தாத்தா பாட்டி பெயர் வைக்கும் வழக்கமும் உதவும். உங்கள் பெரியம்மாவின் பெயரே கொள்ளுப்பாட்டியின் பெயராக இருக்கலாம்.

பரணையில் இருக்கும் ஆதாரம்

அலுவலகம் போகும் முன் சொந்த வீட்டைத் தேடுங்கள். பழைய பித்தளைக் குடம், வெண்கலப் பானையைத் தேய்த்துப் பாருங்கள். சீர் கொடுத்தவர் பெயரோ, வாங்கி வந்த பெண்ணின் பெயரோ வெட்டியிருக்கும். எங்கள் உறுப்பினர் ஒருவருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் கிடைத்தது ஒரு குடத்தின் கழுத்தில்தான். மொய் நோட்டில் உறவுக்காரர் பெயர் ஊரோடு வரிசையாக இருக்கும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, ஜாதக நோட்டு, கருமாதிப் பத்திரிகை, புகைப்படத்தின் பின்பக்க எழுத்து, பாட்டி கையில் பச்சை குத்திய பெயர், எதையும் தள்ளிவிடாதீர்கள்.

அலுவலகங்களில் கிடைப்பவை

பள்ளிப் பதிவேட்டைச் சொன்னோம். பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கிராமத்திலும் நகராட்சியிலும் கேட்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய் பெயரும் தேடலாம்.

வாக்காளர் பட்டியலின் அருமை நமக்கு 2025 நவம்பரில் தெரிந்தது. தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியலில் நம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடச் சொன்னார்கள். வாழ வந்த பெண்கள் எத்தனை பேர் பிறந்த ஊர்ப் பட்டியலைத் தேடி அலைந்தோம்! அந்தப் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருப்பவர்கள் பத்திரமாக வையுங்கள். மக்கள்தொகைக் கணக்கில் முன்னோர் பெயரைத் தேட வேண்டாம். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம்.

நிலம் இருந்த குடும்பம் என்றால் பட்டா, வில்லங்கச் சான்று, பழைய பத்திரங்களின் நகல் கேளுங்கள். 1980-களில் நடந்த யு.டி.ஆர். பதிவுக்கு முன்னால் யார் பெயரில் இருந்தது என்றும் பாருங்கள். பழைய பத்திரத்தில் இன்னார் பேரன், இன்னார் மகன் என்று வழி சொல்லியே எழுதியிருப்பார்கள். நாங்கள் பார்த்த பத்திரங்களில் பெண்களின் பெயர் அதிகம் வந்த இடம் விடுதலைப் பத்திரம்தான். எனக்குப் பங்கு வேண்டாம் என்று அக்கா தங்கைகள் எழுதிக் கொடுத்த பத்திரம். கீழே வரிசையாகக் கைநாட்டு. அதைப் பார்த்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை.

சில வீடுகளில் "எங்க தாத்தாவோட தங்கச்சி கப்பலேறிப் போச்சு" என்ற கதை இருக்கும். அதையும் எழுதுங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எழுதினார்கள். பெண்களுக்கும் அப்படியே. மொரிஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அடிமை போல வேலை வாங்கத்தான் எழுதினார்கள், நம் மேல் பாசத்தால் அல்ல. ஆனாலும் கப்பலேறிய தங்கையின் பெயர் ஊரோடு இன்றும் இருக்கிறது. ஊரிலேயே நாற்று நட்டு வாழ்ந்து செத்த அக்காவின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

வாய்ச்சொல்லும் தப்பலாம், காகிதமும் தப்பலாம்

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு ஒத்துப் பாருங்கள். "நாங்க அரண்மனை வம்சம்" என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. கேட்டு எழுதுங்கள், ஆனால் ஆதாரம் இல்லாமல் நம்ப வேண்டாம். காகிதமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பிள்ளை கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார். அதனால் பள்ளித் தேதியும் பாட்டி சொல்லும் தேதியும் மாறினால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்றும் குறித்து வையுங்கள்.

இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, சாதி மாறிக் கல்யாணம், செத்துப் பிறந்த குழந்தை என்று ஒவ்வொரு குடும்பத்திலும் வலி இருக்கும். சொல்ல மனசு வந்தால் கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம். ஒரு பாட்டி தன் எட்டுப் பிள்ளைகளில் போன நான்கு பேரின் பெயரையும் சொல்லி, "இத யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல தாயீ" என்று அழுதார். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டில் சொல்லக் கூடாது. யார் வம்சம் பெரிசு என்ற பேச்சு நம் குழுவுக்குள் வரவே கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவோம். நடுவில் நம் பெயர், மேலே அம்மா வழி ஒரு பக்கம், அப்பா வழி ஒரு பக்கம். ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், சொன்னவர் பெயர், கேட்ட தேதி. எழுதத் தெரியாதவர்களுக்கு குழுவில் படித்த பெண்கள் எழுதிக் கொடுக்கட்டும். செல்போனில் பாட்டியின் குரலைப் பதிவு செய்து வைக்கலாம். பிறந்த வீட்டோடு நம்மை இணைக்கும் ஒரு காகிதமாவது நம்மிடம் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். இல்லாதவர்கள் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குங்கள். நம் மகளுக்கும் மருமகளுக்கும் பிறப்புச் சான்று பத்திரமாக இருக்கட்டும்.

வாரா வாரம் பத்து ரூபாய் சந்தாவுக்குக்கூடக் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாம். தீர்மான நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடக் கற்றவர்கள். இந்த நோட்டையும் எழுத நம்மால் முடியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பாட்டியின் பெயரோடு வாருங்கள்.