சாகாதவர்கள் பட்டியல்



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு சவால் விட்டார். "அரசாங்கம் தொட்டது எது துலங்கியது? ஒன்று, ஒரே ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். தட்டியதில் தப்பில்லை. பட்டா மாறுதலுக்கு நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்தவரும், வாரிசுச் சான்றிதழுக்குக் கவர் கொடுத்தவரும் தட்டாமல் வேறு யார் தட்டுவார்கள்? அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. லஞ்சத்துக்கு வக்காலத்து வாங்க நான் இந்த மேடை ஏறவில்லை. ஆனால் ஒன்று சொல் என்று கேட்ட பிறகு, பதில் சொல்லாமல் இறங்கினால் அது மரியாதை இல்லை.

சத்துணவைச் சொல்லப் போவதில்லை. அதற்கு ஆயிரம் மேடை இருக்கிறது, ஆயிரம் சுவரொட்டி இருக்கிறது. தலைவர் படம் ஒட்டிய திட்டத்துக்கு என்னைப் போன்ற வக்கீல் வேண்டாம். படம் ஒட்ட இடமே இல்லாத வேலை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் நிர்வாகம். திட்டத்தைப் புகழ்வோம், நிர்வாகத்தைத் திட்டுவோம், இதுதானே நம் வழக்கம்? நான் இன்றைக்கு வாதாட வந்திருப்பது அந்தத் திட்டு வாங்குகிறவர்களுக்காக.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்கு என்றதும் டீக்கடைப் பக்கம் நகர வேண்டாம், சின்னக் கணக்குதான். (சிரிப்பு) 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், பேறுகாலத்தில் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் 54. நாம் சொல்லும் கணக்கல்ல, மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு. வித்தியாசம் 80. அப்போது நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. பெருக்கிப் பாருங்கள். பழைய நிலைமையே நீடித்திருந்தால் செத்துப்போயிருக்க வேண்டிய பெண்கள், வருஷத்துக்கு எழுநூறு பேர், சாகவில்லை.

யார் அந்த எழுநூறு பேர்? பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.

சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது, அமைச்சருக்குத் தெரியாது, கலெக்டருக்குத் தெரியாது. அவ்வளவு ஏன், அந்தப் பெண்களுக்கே தெரியாது. செத்தவளுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, எப்.ஐ.ஆர். உண்டு, பேப்பரில் படம் உண்டு, ஆஸ்பத்திரி வாசலில் மறியல் உண்டு. சாகாதவளுக்கு என்ன உண்டு? இந்தக் கூட்டத்திலேயே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, எப்போது இந்த ஆள் பேச்சை முடிப்பான், வீட்டுக்குப் போய் உலை வைக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருப்பாள். (சிரிப்பு, கைதட்டல்)

எப்படிச் சாகாமல் போனாள்? அதிசய மருந்து எதுவும் வரவில்லை. மாதம் தள்ளிப்போனதும் துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வீடு தேடி வந்து பதிவு போட்டார். கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி நம்பர் கொடுத்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார், இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிடாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததையும் கண்டுபிடித்துத் திட்டினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்களைப் போட்டு, ஆளுக்கு ஒரு ஷிப்ட் என்று முறை வைத்தார்கள். இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்து வந்தாலும் கதவு திறந்திருந்தது. இதற்கு யார் திறப்பு விழா நடத்துவார்? கட்டடத்துக்கு ரிப்பன் கட்டலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எங்கே கட்டுவது? இன்றைக்குத் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், அவர் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கியது என்று.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தாலும் சரி, தனியாரில் இறந்தாலும் சரி, வழியில் வண்டியிலேயே இறந்தாலும் சரி. பிறகு வீட்டுக்கு ஆள் போய் விசாரிக்க வேண்டும். வலி எப்போது எடுத்தது? வண்டி எத்தனை மணிக்கு வந்தது? முதலில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்? அங்கிருந்து ஏன் அனுப்பினார்கள்? ரத்தம் இருந்ததா? அதற்குப் பிறகு கலெக்டர் முன்னிலையில் ஒரு கூட்டம். டாக்டர்கள் இருப்பார்கள், அதிகாரிகள் இருப்பார்கள், இறந்தவளின் வீட்டாரையும் வரவழைத்துக் கேட்பது முறை. கண்ணீரோடு ஒரு கணவனோ தாயோ, "நாங்கள் வந்தபோது டாக்டர் இல்லை" என்று கலெக்டர் எதிரில் சொல்லலாம். தன் தவறைத் தானே தோண்டி எடுத்து, அடிபட்டவன் கையிலேயே மைக்கைக் கொடுக்கும் ஏற்பாடு இது. அரசாங்கத்தைவிடத் தனியார் திறமைசாலிகள் என்று சொல்கிற நண்பரைக் கேட்கிறேன்: நஷ்டப்பட்ட வாடிக்கையாளரை இயக்குநர் குழுக் கூட்டத்தில் உட்காரவைத்து விசாரிக்கிற கம்பெனி எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். (கைதட்டல்)

தட்டியது போதும். அதே 2018-20 கணக்கில் கேரளம் 19. நாம் 54. மார் தட்டிக்கொள்ள இன்னும் தூரம் இருக்கிறது.

அடுத்தது மாத்திரை. வீட்டில் அரசு ஆஸ்பத்திரியில் வாங்கிய சர்க்கரை மாத்திரை அட்டை இருந்தால், போனதும் திருப்பிப் பாருங்கள். தமிழ்நாடு அரசு வழங்கியது, விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு வரி வருவதற்கு ஒரு ஊழல் வெடிக்க வேண்டியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரசு மருந்துக் கொள்முதலில் நடந்த முறைகேடு சந்தி சிரித்தது. அதற்குப் பிறகு 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வருகிறதல்லவா? அதுதான் அதன் அழகு.

அங்கே என்ன செய்தார்கள்? எந்த மருந்து கட்டாயம் வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் பெயரில். மாநிலம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே டெண்டர், அதனால் விலை இறங்கியது. மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு. மருந்து வந்து இறங்கினால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகாது, தனியே ஒதுக்கி வைப்பார்கள். மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசிய எண் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்று சோதிப்பவருக்கே தெரியாது. தெரியாதவரிடம் பெட்டி கொண்டுபோய் என்ன பயன்? தேறினால்தான் கிடங்கை விட்டு வெளியே போகும். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஒரு பாஸ்புக். இந்த வருஷம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். எடுக்க எடுக்கக் கழியும். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்ன மருந்து வேண்டும் என்பதைச் சென்னையில் இருக்கும் அதிகாரி அல்ல, இங்கே இருக்கும் டாக்டர் சொன்னார். பிறகு கேரளம் இதைப் பார்த்து ஒரு கழகம் வைத்தது. 2011இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இதே வழியில்தான் போனது. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நமக்குத்தான், "கவர்மெண்டு மாத்திரையா, அது கேட்காதுப்பா" என்கிற வாய். (சிரிப்பு)

சில நாள் ஒரு மருந்து இருப்பதில்லை, வெளியே எழுதிக் கொடுக்கிறார்கள், உண்மைதான். அதைக் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் இல்லாத ஒரு மருந்து செய்தியாகிறது. இருக்கிற இருநூறு மருந்து செய்தியாவதில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பேரனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். நர்சம்மா ஊசி போடுமுன் மருந்துக் குப்பியைத் திருப்பிப் பார்ப்பார். பல குப்பிகளின் மேல் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். சூடு பட்டுப் பட்டு, வட்டத்தின் நிறத்துக்குச் சதுரமும் கறுத்துவிட்டால் குப்பையில்தான் போட வேண்டும். கம்பெனியிலிருந்து உங்கள் பேரன் தொடைக்கு வரும் வரை அளவுக்கு மீறிச் சூடு படாமல் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அந்தச் சதுரம் சாட்சி சொல்கிறது. வழியில் எத்தனை மின்வெட்டு, எத்தனை பழுதான வண்டி, எத்தனை சித்திரை வெயில்! மதுரையில் மே மாதத்தில் ஐஸ் வாங்கி வீடு போய்ச் சேர முடியாது நம்மால். இதன் பலனைப் பாருங்கள்: இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே நின்றுவிட்டது. கால் சூம்பிய பிள்ளை ஒன்றைக்கூட நேரில் பார்க்காமலே இங்கே ஒரு தலைமுறை வளர்ந்து, வாட்ஸப்பில் தடுப்பூசி எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

இனிமேல்தான் நான் சண்டைக்கு வருகிறேன்.

நன்றாக நடக்கிற வேலைக்குச் சத்தம் கிடையாது. சத்தம் இல்லாததால், அது தானாக நடக்கிறது என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். தானாக நடப்பதற்கு ஆள் எதற்கு? உடனே கத்தரிக்கோல் வருகிறது. 2015இல் போட்டித் தேர்வு எழுதி வந்த செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பி வந்தவர்கள், 2017இல் சென்னையில் தெருவுக்கு வந்து உட்கார வேண்டியிருந்தது. நான் சொன்னேனே, ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்திருந்த கதவு, அதைத் திறந்து வைத்திருந்த கைகளுக்குக் கிடைத்த மரியாதை இது. ஆட்சி எது என்று நான் பார்க்கவில்லை. தொகுப்பூதியம் என்ற சொல்லில் இங்கே எல்லாக் கட்சிக்கும் ஒரே சுருதி. (கைதட்டல்)

பல ஊர்களில் ஒரே நர்சம்மா தன் துணை நிலையத்தோடு பக்கத்துத் துணை நிலையத்தையும் 'பொறுப்பு' பார்க்கிறார். காகிதத்தில் இரண்டும் இயங்குகின்றன. இப்படி ஓட்டை விழுவதும் நமக்குத் தெரியாது, ஏனென்றால் சாகாதவர்கள் பட்டியல் நம்மிடம் இல்லை. இந்த வருஷம் 700 ஏன் 650 ஆனது என்று யார் கேட்பது? அரசாங்கம் உருப்படாது என்று கை தட்டுகிறவர், தெரியாமலே அந்தக் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக் கொடுக்கிறார். உருப்படாத ஒன்றுக்கு ஏன் ஆள் போட வேண்டும் என்று அவர்கள் கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அதிகாரி நண்பர்கள் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களையும் விட மாட்டேன். உங்கள் வெற்றியை ஆண்டறிக்கையின் எண்பதாம் பக்கத்தில் புதைத்து வைக்கிறீர்கள். தோல்வியைக் கேட்டு யாராவது தகவல் உரிமை மனுப் போட்டால், முப்பது நாள் முடியப் போகையில் பாதிப் பதில். தோற்றதை மறைக்கிறவர் ஜெயித்தேன் என்று சொன்னால் ஊர் எப்படி நம்பும்?

கேட்கிற உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கிராம சபை. வழக்கமாகத் தெருவிளக்கும் சாக்கடையும் கேட்போம். கேளுங்கள். கூடவே, நம் துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா பணியிடம் நிரந்தரமாக நிரம்பியிருக்கிறதா, பொறுப்பில் ஓடுகிறதா என்று கேளுங்கள். கரண்ட் போனால் தடுப்பூசிப் பெட்டிக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று கேளுங்கள். போன வருஷம் நம் ஊரில் எத்தனை பிரசவம், தாயும் பிள்ளையும் எத்தனை பேர் நலம் என்று கேட்டு, அந்த எண்ணைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், எழுதுமுன் போடாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.