ஒரு பொறிக்குட் பல பொறிகள்



யாழ்ப்பாணத்திலோ தீவகத்திலோ காணி வாங்கியோர் தமது உறுதியில் ஒரு குறிப்பைக் கண்டிருப்பர். காணியோடு கிணற்றிற் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் சேரும் என்பது அது. கிணறு ஒன்று, பங்காளிகள் நால்வரோ ஐவரோ இருப்பர். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு. தன் முறையன்று இறைப்பவனுக்கு அக்கிணறு முழுவதும் தனதே போலத் தோன்றும். இன்று பேச எடுத்துக்கொண்ட கணினிப் பொருளை விளக்குவதற்கு இதனினும் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. அப்பொருளை மெய்நிகராக்கம் என வழங்குகின்றனர்.

ஓர் அலுவலகத்தில் சம்பளக் கணக்கிற்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, பதிவேடுகளுக்கு ஒன்று என மூன்று சேவையகங்கள் இருப்பதாகக் கொள்வோம். சம்பளப் பொறி மாத முடிவில் இரண்டு நாள் உழைக்கும். எஞ்சிய நாளெல்லாம் மின்சாரத்தை உண்டு உறங்கும். ஏனையவற்றின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஒன்றின் கோளாறு மற்றொன்றைக் கெடுத்துவிடுமோ என்னும் அச்சமே மூன்றையும் தனித்தனியே வாங்கச் செய்தது. மெய்நிகராக்கத்தில், வன்பொருளுக்கு மேலே ஒரு மேற்பார்வை மென்பொருள் அமர்ந்து, செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் வட்டின் இடத்தையும் பங்கிட்டுக் கொடுக்கின்றது. அதன்மேல் இயங்கும் ஒவ்வொரு பணிசெயல் முறைமையும் தனக்கென ஒரு முழுக் கணினி உண்டென்றே கருதி வேலை செய்கின்றது. ஒன்று விழுந்தால் மற்றவை விழுவதில்லை. இம்மேற்பார்வை மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். முற்காலத்தில் பணிசெயல் முறைமையின் உட்கருவைச் சுப்பர்வைசர் என்று அழைத்தனர். அதற்கும் மேலதிகாரி என்னும் பொருளில் வந்த பெயர் இது.

இது நேற்று முளைத்த வித்தையன்று. 1960களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வு நிலையத்தார், ஒரு பெருங் கணினியைப் பலருக்குப் பல கணினிகளாகக் காட்டும் முறையை ஆக்கினர். 1972இல் அந்நிறுவனம் அதனை விற்பனைக்கே கொண்டுவந்தது. பின்னர்ச் சிறு கணினிகள் மலிந்தன; பங்கிடும் தேவை மறந்துபோயிற்று. 1999இல் வீஎம்வெயர் நிறுவனம் அதனைச் சிறு கணினிகளுக்கும் மீட்டுக் கொணர்ந்தது. அக்காலச் செயலிகள் இதற்கென அமைக்கப்பட்டவையல்ல. சில கட்டளைகளை விருந்தினர் முறைமை இட்டால், அவை மேற்பார்வையாளருக்கு அறிவிக்கப்படாமலே பிழையான விளைவைத் தந்தன. ஆகவே அக்கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து இயக்கினர். இது மென்பொருள் வழி. 2005இல் இன்டெல்லும் 2006இல் ஏஎம்டியும் அவ்வசதியைச் செயலிக்குள்ளேயே அமைத்தன. இது வன்பொருள் வழி. இன்று பாடசாலை ஆய்வுகூடத்துச் சாதாரணக் கணினியிலும் அவ்வசதி பெரும்பாலும் இருக்கும். தொடக்க அமைப்பிற் சிலவேளை அணைக்கப்பட்டுக் கிடக்கும், அவ்வளவே.

மின்சாரமும் குளிரூட்டியும் இடமும் மிச்சமாகும் என்பதை நிறுவனங்கள் முதற் பயனாகக் கூறும். அது மெய். ஆயினும் கடல் சூழ்ந்த எம்மவர்க்கு வேறொரு பயனே பெரிதெனக் கருதுகின்றேன். மெய்நிகர்ப் பொறி என்பது முடிவில் ஒரு கோப்பு. அதனைப் பிரதி செய்யலாம்.

எமது பாடசாலை அலுவலகத்திற் புள்ளிப் பதிவுகளைப் பேணும் ஒரு பழைய நிரல் இருந்தது. அது விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். ஒருமுறை கடற்காற்றின் உப்பு அக்கணினியின் தாய்ப்பலகையை அரித்துவிட்டது. திருத்துபவர் யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்திற் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகேறி வரவேண்டும். கச்சான் பெயர்ந்து கடல் குழம்பியிருந்த நாட்கள் அவை. பிள்ளைகளின் விடுகைப் பத்திரங்கள் காத்துக் கிடந்தன. ஆசிரியர் இருவர் இரவிரவாகக் கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து மீண்டும் புள்ளிகளை ஏற்றினர். அதன் பின்னரே அப்பழைய முறைமையை அப்படியே ஒரு மெய்நிகர்ப் பொறியாக்கிப் புதிய கணினியொன்றில் வைத்தோம். வேர்ச்சுவல்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருளே அதற்குப் போதியதாயிற்று. சென்ற ஆண்டு அப்புதிய கணினியும் பழுதுற்றது. பிரதியை ஆய்வுகூடத்துக் கணினியொன்றில் இட்டோம். பிற்பகல் மணி அடிக்குமுன் அலுவலகம் நடந்தது.

எனினும் தீவகத்தார் அறிந்த ஓர் எச்சரிக்கை உண்டு. எமது கிணறுகளில் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. பங்காளிகள் எல்லாரும் ஒரே நாளில் இயந்திரம் பூட்டி இறைத்தால் உவர் மேலேறும். அதுபோலவே, இருக்கும் நினைவகத்திற்கு மேலாகப் பொறிகளுக்கு வாக்களித்துவிட்டால், எல்லாம் ஒருங்கே உழைக்கும் வேளையில் யாவும் தவழத் தொடங்கும். மற்றொன்று இதனினும் பாரதூரமானது. பலவற்றை ஓரிடத்திற் சேர்த்தபின், அவ்விடம் அழிந்தால் அழிவு பலவற்றுக்கும் ஆகும். பொறியின் அந்நேர நிலையைப் பதித்துவைக்கும் வசதியைச் சிலர் காப்புப் பிரதியென மயங்குகின்றனர். அப்பதிவு அதே வட்டிற் கிடந்தால் அது காப்பாகாது.

கொழும்பில் நடந்ததையும் இங்கு நினைக்க வேண்டும். அரச திணைக்களங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொறி வாங்காது பொதுவான கணினி வளத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே இலங்கை அரச முகில் அமைக்கப்பட்டது, நல்ல நோக்கம். 2023 ஆகத்து 26ஆம் நாள் அங்கே கப்பம் கோரும் தீநிரல் புகுந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகள் பாதிப்புற்றன. மே 17 முதல் அந்நாள் வரையான காலத்திற்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அம்மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. குறை பங்கிட்டதில் அன்று. பிரதி வேறிடத்தில் இல்லாமையிலேயே ஆகும்.

எமது பாடசாலையில் இப்போது இரு வன்தட்டுகள் வைத்திருக்கின்றோம். ஒன்று அலுவலகப் பேழையில் இருக்கும். மற்றையது வெள்ளிக்கிழமை தோறும் வீடு செல்லும் ஆசிரியரொருவரின் பையில், நெய்த்தாளிற் சுற்றப்பட்டு, மாலைப் படகிற் கடல் கடக்கும். திங்கட் காலை அவர் வந்திறங்கியதும் இரண்டும் இடம் மாறும். படகு ஓடாத வாரத்தில் அதனையும் பதிவேட்டிற் குறித்துக்கொள்கின்றோம்.