கதிர் முற்றும் முன் பேசிய விலை



நான் பாகூர்க்காரன். ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ‘டெரிவேட்டிவ்’ என்றதும் மிரள வேண்டாம். எங்க அப்பா ஏரிப் பாசன நெல்லுக்குக் கதிர் முற்றும் முன்பே வியாபாரியிடம் விலை பேசிவிடுவார். காசு கை மாறாது. ஆனாலும் சந்தை விலை ஏறினால் அந்தப் பேச்சு வியாபாரிக்கு லாபம், எங்களுக்கு நட்டம். சங்கதி அவ்வளவுதான்.

வில்லியனூரில் ஒருவர் உறுதியான வருமானம் தரும் 20 வருஷப் பாலிசி எடுக்கிறார். ஐந்தாம் வருஷம் அவர் கட்டும் பிரீமியத்தை அன்றைய வட்டிக்குத்தானே முதலீடு செய்ய முடியும்? வட்டி விழுந்துவிட்டால்? அதனால் அன்றைக்கு வாங்கவேண்டிய அரசுப் பத்திரத்துக்கு நிறுவனம் இன்றே ஒரு வங்கியோடு விலை பேசி வைக்கிறது. இங்கே நாங்கள்தான் வியாபாரி! காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2014 ஜூனில் இதற்கு விதி வகுத்தது: நட்டத்தைத் தடுக்க மட்டுமே, சூதாட அல்ல. அடுத்தவர் கடனுக்கெல்லாம் ஜாமீன் எழுதித் தள்ளிய அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி.க்கு 2008 செப்டம்பரில் அந்நாட்டு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் தர நேர்ந்ததே!

மார்ச் 31 அன்று அந்த ஒப்பந்தம் என்ன பெறுமோ, அதை இருப்புநிலைக் குறிப்பில் காட்டணும். காப்புக்குப் பொருந்தும் பகுதி தனி ஒதுக்கில் போகும். பொருந்தாத மிச்சம் உடனே வருவாய்க் கணக்கில். ஒரு வருஷம் அந்த மிச்சம் நட்டமாக வந்தது. “அதையும் ஒதுக்கிலேயே போட்டுடுங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் மேலதிகாரி. ஊர்ப் பாலிசிதாரர்கள் முகம் கண்ணில் நின்றது. வருவாய்க் கணக்கிலேயே எழுதினேன். அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

மிச்சக் கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள்.