மரை என்றொரு சொல்



ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் உலக முடிவைப் பார்க்கும் அவசரத்தில் ஃபார் இன்னை அதிகம் கவனிப்பதில்லை. ஆங்கிலேயர் காலத்து வேட்டை விடுதி அது. துப்பாக்கியோடு வந்தவர்கள் தங்கிய அவ்விடம், இன்று அக்காட்டின் உயிரினங்களை வருவோர்க்கு அறிமுகப்படுத்தும் காட்சியகம்.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இச்சமவெளியில் நாய்களை ஏவி மரை வேட்டையாடியவர். மரையை அவர் 'எல்க்' என்றே எழுதினார். அது வடதிசைக் குளிர்நாட்டு விலங்கொன்றின் பெயர். மரையோ சங்கச் சான்றோர் பாடிய சொல். ஈழத்துப் பேச்சில் இன்றும் வழங்குவது.

அப்படித்தான் சிறுத்தையும். தோட்டத்தில் அது 'புலி'. எந்த மலையில் அது படுக்கும், எப்போது லயத்து நாயைத் தேடி வரும் என்பதெல்லாம் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் காட்சியகங்களில் நான் கண்டதில்லை.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. உயிரோடு மீட்டார்கள், சில நாட்களில் இறந்துபோனது. மரக்கறிப் பாத்தியைப் பன்றியிடமிருந்து காக்க வைக்கும் சுருக்கு, வருவது பன்றியா புலியா என்று பார்ப்பதில்லை. பாத்தி போட்டவனைத் திட்டுவது எளிது. நாட்சம்பளம் போதாமல்தானே அவன் மண்ணைக் கொத்துகிறான்! அவனோடு உட்கார்ந்து பேச வேண்டாமா?

நம் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரிடம் இந்த விலங்குகளைப் பற்றிக் கேட்டு எழுதி வரட்டும். அந்தப் பழைய வேட்டை விடுதியில் அதற்கு ஒரு சுவர் ஒதுக்கினால் போதும்.