போகிக்கு முன் பத்து நாள்



மார்கழி முடியப் பத்து நாள் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு கவலை தொடங்கிவிடுகிறது. ஒட்டடை அடிக்க வேண்டும், பரணை ஒழிக்க வேண்டும், பாத்திரங்களைத் துலக்க வேண்டும் என்று பேச்சு வளர்கிறது. ஆனால் வேலை தொடங்குவதோ போகிக்கு முதல் நாள்! பழையதை விடுத்துப் புதியதை ஏற்கும் விதியை நன்னூலார் மொழிக்காகச் சொன்னார். நாம் அதனைப் பழம் பாய்க்கும் கிழிந்த தலையணைக்கும் உரியதாக்கிக் கொண்டோம். அதில் தவறில்லை. அத்தனையையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பதுதான் தவறு. இதனைப் பட்டறிந்தே சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற முதல் ஆண்டு. ஒரு பள்ளியையே தூய்மையாக வைத்திருந்தவனுக்கு நான்கு அறை வீடு எம்மாத்திரம் என்று இறுமாந்திருந்தேன். பள்ளியில் துடைப்பம் பிடித்தவர் வேறொருவர் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. காலை ஆறு மணிக்கே எல்லா அறைப் பொருள்களையும் கூடத்தில் குவித்துவிட்டுப் புத்தக அலமாரியைத் திறந்தேன். பழைய பள்ளி ஆண்டு மலர் ஒன்று கைக்கு வந்தது. அதனடியில் மாணவர் எழுதிய கடிதங்கள். படிக்க உட்கார்ந்தவன் தலை நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு. இனி இவரை நம்பிப் பயனில்லை என்று, சமையலை முடித்துவிட்டு வந்த என் துணைவியார் முக்காலிமேல் ஏறி ஒட்டடை அடிக்கலானார். முக்காலி சாய்ந்தது; வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. இரவு மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது, அவர் படுப்பதற்கு வீட்டில் ஓர் இடமில்லை. குவியலை ஒதுக்கிப் பாய் விரித்தேன். அவ்வாண்டுப் பொங்கலை நானே வைத்தேன், அடிப்பிடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சொல் கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு ஆண்டு பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரு வழியைக் கடன் வாங்கினேன். ஒரு பாடவேளை 45 நிமிடம். போகிக்கு முன் பத்து நாள், நாளுக்கு ஒரு பாடவேளை. கடிகாரத்தில் மணி அடித்ததும் வேலை நின்றுவிட வேண்டும். மொத்தம் ஏழரை மணி நேரம். எங்கள் உடலுக்கு இயன்றது அவ்வளவே. இதற்கு உயிர்நாடியான விதி ஒன்று உண்டு. அந்த 45 நிமிடத்துக்குள் மீண்டும் எடுத்து வைக்கக்கூடிய அளவுக்குமேல் எதனையும் வெளியே எடுக்கக் கூடாது. முழு அலமாரி வேண்டா. ஒரு தட்டுப் போதும். இடையில் விருந்தினர் வரலாம், காய்ச்சல் வரலாம். வேலை எந்த நாளில் நின்றாலும் வீடு வீடாகவே இருக்கும்.

மேலிருந்து கீழே வருவது நன்று. முதலில் ஒட்டடை, பிறகு மின்விசிறி, பிறகு அலமாரி, இறுதியில் தரை. தரையை முதலில் துடைப்பவர் இருமுறை துடைப்பர். நின்றிருக்கும் மின்விசிறியின் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால், தூசி தலையில் கொட்டாமல் உறைக்குள்ளேயே விழுந்துவிடும். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமேயன்றி வெளியேறாது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது பெருந்துன்பம். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியே ஏற்றது. புத்தகங்களுக்கு மட்டும் ஈரம் ஆகாது.

காகிதங்களைக் கடைசியில் தொடுங்கள். என்னைப்போல் முதலில் தொடாதீர்கள். அதற்காகப் பார்க்காமலே நெருப்பிலிடவும் வேண்டா. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அங்கிருந்தோர் கூறியதைத் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். எவ்வெந் நூல்கள் போயினவோ! நெருப்பென்றதும் மற்றொன்று. 2018-ஆம் ஆண்டுப் போகியன்று காலை, டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை பனியோடு கலந்து, சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. விமானத்துக்கே அந்த நிலை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்ன செய்யும்?

மாணவர்களே, இந்த வேலை பெரும்பாலும் ஒருவர் முதுகில்தான் ஏறுகிறது. அவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பலர் வீட்டில் அவர் அலுவலகத்திற்கோ வயலுக்கோ சென்று திரும்பியபின் இதனைச் செய்கிறார். “உதவட்டுமா அம்மா?” என்று கேட்டால், “வேண்டாம், நீ போய்ப் படி” என்றே விடை வரும். ஆகையால் கேளாதீர்கள், ஒரு தட்டைத் தேர்ந்துகொண்டு தொடங்கிவிடுங்கள். வீட்டில் உயரமானவர் ஒட்டடைக் கோலைப் பிடிக்கட்டும். முழங்கால் வலியுள்ள பாட்டி, உட்கார்ந்தபடியே கரண்டிகளையும் பித்தான்களையும் பிரித்துக் கொடுப்பார். அவரை விட்டுவிட்டால்தான் வருந்துவார்.

எங்கள் வீட்டுப் பரண் இந்தப் பத்து நாள் கணக்கில் சேரவில்லை. ஏணியில் ஏறும் வயது எங்கள் இருவருக்கும் கடந்துவிட்டது. விடுமுறைக்கு வரும் பேரன் இறக்கித் தருவான். அவன் வராத ஆண்டுகளில் அது தூசியோடு அப்படியே கிடந்தது. அதன் கீழேதான் இலை போட்டுப் பொங்கல் உண்டோம்.